கொய்யா இலைக்கு அந்த மணம் அடங்காது மக்ளே

கிட்ட வாலே. இன்னும் கிட்ட. ம்… கொய்யா இலை. ஆரியங்கோட்டிலே இப்பம் கொய்யா மரத்திலே காய் நிக்குதோ இல்லியோ, இலை நிக்க மாட்டேங்குது. உன் வயசுப் பயலுவ எல்லாம் பறிச்சு மென்னுட்டுத்தானே வீட்டுக்கு வாறானுவ! பாட்டாவுக்குக் கண்ணிலேதான் பொரை. மூக்குக்கு ஒரு கேடும் வரல்லே.

முழிக்காதே, உனக்க அம்மைகிட்டே சொல்ல மாட்டேன். ரப்பர் ஷீட்டுப் புரையிலே ஒரு ஆள் குறையுது. அந்த டிஷ்ஷை எல்லாம் கழுவி அடுக்கு. சோலியும் நடக்கட்டும், பேச்சும் நடக்கட்டும். சும்மா உக்காந்து புத்தி கேட்டா உனக்குத் தூக்கம் வரும், அச்சனுக்க பிரசங்கத்திலே பாத்திருக்கேன்.

நேத்து ஒண்ணாம் தேதி. கேரளத்திலே மாசாமாசம் ஒண்ணாம் தேதி பெவ்கோ மதுக்கடை கதவு திறக்காது. சம்பளம் வாங்கினவன் காசோட வீடு போய்ச் சேரட்டும்னு சர்க்கார் நினைச்சுது. நம்ம ஆளுவளுக்கு அதெல்லாம் ஒரு தடையா? பாறசாலை தாண்டினா களியக்காவிளை, அங்க டாஸ்மாக். அந்தக் காலத்திலே நேசமணி வக்கீலுக்க கட்சிக்காரங்க நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழ்நாட்டோட சேக்கணும்னு கேட்டாங்க. 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி எல்லை போட்டபோது நாம இந்தப் பக்கம் நின்னுட்டோம். நம்ம பயலுவ மட்டும் அந்தப் போராட்டத்தை விடாம, மாசம் ஒருக்கா பைக்கிலே போய் இணைஞ்சிட்டு வாறானுவ. மே மாசந்தான் சங்கடம். மே ஒண்ணு ரெண்டு பக்கமும் பூட்டு.

சட்டத்தைப் பாத்தா உனக்கு எங்கயும் கிடையாது. அங்க 21 வயசாகணும், இங்க 23. உனக்கு வாற ஆனிக்குத்தான் பத்தொம்பது. ஆனாலும் குடிச்சே. ஏன்னு கேட்டா, "வேண்டாம்னு சொன்னா சிரிப்பானுவ பாட்டா"ங்கே.

அடிப்பானுவன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். கத்தியைக் காட்டினான்னு சொல்லு, நானே கூட வாறேன். பல்லு விளக்காத நாலு பயலுவ சிரிச்சிருவானுவளாம், அதுக்காக்கும் இந்தப் பயம்! போன வருஷம் திடப்படுத்தல் ஆராதனையிலே பிஷப்பு உனக்க தலையிலே கையை வச்சாரு. பிசாசு வேண்டாம், அவனுக்க வேலையும் வேண்டாம்னு நீ சொன்னது கடைசி பெஞ்சிலே இருந்த எனக்கே கேட்டுது. பிசாசை விட்டுட்டே, கொள்ளாம். பைக்கிலே ஏத்திட்டுப் போன அந்தப் பல்சர்காரனைத்தான் விட முடியல்லே.

அந்த ஆசிட் பாட்டிலை எடு. பாத்து, கையிலே படாதே. இப்பம் டிஷ்ஷிலே கிடக்குற பாலைப் பாரு, ஒவ்வொரு மரத்திலே இருந்தும் ஒவ்வொரு சிரட்டையா எடுத்து ஊத்தினது. வெள்ளம் கலந்து ஆசிட்டை விட்டு இளக்கினியானா, நாளைக்கு எந்த மரத்துப் பால் எதுன்னு பிரிக்கவே முடியாது. மிஷினிலே கொடுத்தா எல்லாத்துக்கும் ஒரே வரி விழும். நீ களியக்காவிளைக்குப் போறப்போ ஆரியங்கோட்டுப் பிள்ளை, திரும்பி வாறப்போ ஒரே வரி விழுந்த அஞ்சு ஷீட்டு. நுரையை வடிச்சு எடுலே, ஷீட்டிலே குமிழி விழுந்தா வியாபாரி விலையைக் குறைப்பான்.

நம்மது சிஎஸ்ஐ சபை. புனிதர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துற வழக்கம் நமக்கில்லே. இருந்தாலும் நட்டாலத்துக்காரரைச் சொல்லாம இந்தப் பேச்சு போகாது. நீலகண்ட பிள்ளை, 1712-லே பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையிலே உத்தியோகம். 1741 குளச்சல் சண்டையிலே பிடிபட்ட டச்சுக்காரன் டிலனாய் கிட்டே பழகி, 1745-லே வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனாரு. 1749-லே பிடிச்சாங்க. பிடிச்ச உடனே சுட்டாங்களா? இல்லே. எருமை மேலே பின்பக்கம் பாத்து உக்கார வச்சு, கழுத்திலே எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊரா கொண்டு நடந்தாங்கன்னு சொல்லுவாங்க. எதுக்கு? நாலு பேரு சிரிக்கதுக்கு. அரண்மனைக்காரனுக்கு விவரம் தெரியும். வெடிமருந்து விலை கூடுதல், சிரிப்புக்குச் செலவே கிடையாது. எத்தனை ஊரு சிரிச்சும் ஆள் அசையாதபோதுதான் துப்பாக்கியை எடுத்தாங்க. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 2022 மே மாசம் ரோமாபுரியிலே புனிதர்னு அறிவிச்சப்போ நீயும் போனிலே பாத்து ஸ்டேட்டஸ் போட்டே. எருமைப் படம் போட்டியா? கிரீடம் வச்ச படந்தான் போட்டே.

பயம் இருக்கதிலே வெக்கம் ஒண்ணும் இல்லே, கேட்டியா. அவரைப் பிடிக்கச் சொன்ன மார்த்தாண்ட வர்மாவே ஒரு காலத்திலே எதிராளிக்குப் பயந்து நெய்யாற்றின்கரையிலே பிலாமரப் பொந்துக்குள்ள ஒளிஞ்சவர்னு கதை. அம்மச்சிப் பிலாவுன்னு அந்தப் பட்டுப்போன தடியை கிருஷ்ணன் கோயில் வளப்பிலே இன்னும் காத்து வச்சிருக்காங்க, பஸ்ஸிலே போறப்போ இறங்கிப் பாரு. ராஜாவைக் கொல்ல ஆள் தேடுச்சு, பொந்திலே ஏறினாரு. உன்னை யாருலே தேடினா?

அதெல்லாம் பெரிய ஆளுவளுக்க கதை, நமக்கு ஆகாதுன்னு நினைக்கே இல்லியா? அப்பம் உனக்க பாட்டிக்கும் பாட்டிக்கும் பாட்டியைப் பத்திச் சொல்லுதேன். அவளுக்கு அரண்மனையும் கிடையாது, டச்சுக்காரன் சிநேகமும் கிடையாது. தேகத்திலே ஒரு குப்பாயம் போடணும்னு ஆசைப்பட்டா, அவ்வளவுதான். மன்றோ சாயிப்பு திவானா இருந்த காலத்திலே, கிறிஸ்தவ வேதத்திலே சேந்த பெண்ணுவ குப்பாயம் போடலாம்னு உத்தரவு வந்துது. 1829-லே மறுபடியும் மேல்சீலைக்குத் தடை. 1858-லே பெரிய பெகளம். சந்தைக்குப் போன பெண்ணுவளுக்க குப்பாயத்தை நடு ரோட்டிலே பிடிச்சுக் கிழிச்சானுவ, வேதக் கோயிலுக்குத் தீ வச்சானுவ. கடைசியிலே மெட்ராஸ் கவர்னர் டிரெவிலியன் எழுதி நெருக்கின பிறகுதான் 1859 ஜூலை 26-லே உத்திரம் திருநாள் மகாராஜா போட்டுக்கோன்னு விட்டாரு. அதிலேயும் ஒரு வாலு: மேல்ஜாதிக்காரி போடுத மாதிரி போடப்பிடாதாம்.

நான் யோசிச்சுப் பாத்திருக்கேன் மக்ளே. முதல் நாள் அவ குப்பாயத்தோட முற்றத்திலே இறங்கினப்போ மேல்ஜாதிக்காரன் பிறகுதான் பாத்திருப்பான். முதல்லே சிரிச்சது அயல்வீட்டு அக்கா. "வந்துட்டா பாரு மதாம்மா"ன்னு சொல்லியிருப்பா. சொந்த மாமியாரு, "உனக்கு மட்டும் என்னடி நாணம்"ன்னு கேட்டிருப்பா. தன் ஆளு சிரிக்கதுதானே வலிக்கும்? அதைத் தாங்க அவளுக்கு எங்க இருந்து பலம் வந்துது? ஞாயித்துக்கிழமை ஓலைக் கோயிலிலே பத்து பேரு குப்பாயத்தோட ஒண்ணா உக்காந்து பாட்டு பாடினாளுவ. அதனாலேதான் திங்கக்கிழமை சந்தைக்கு ஒருத்தியா நடந்து போக முடிஞ்சுது. ஆண்டவர் தைரியத்தை வானத்திலே இருந்து பொட்டலம் கட்டிப் போடல்லே. பக்கத்திலே உக்கார ஒரு ஆளைக் கொடுத்தாரு. நீ ஞாயித்துக்கிழமை யாரு பக்கத்திலே உக்காருதே? வாசப்படியிலே, போனைப் பாத்துட்டு.

இதைச் சொன்னதுக்காக சபைக்குள்ள எல்லாம் யோக்கியம்னு எண்ணாதே. கூட்டம் எங்கயும் கூட்டந்தான். போன அறுப்பின் பண்டிகையிலே ஒரு வாழைக்குலையை நாலாயிரத்துக்கு ஏலம் எடுத்தாரே ஒரு கமிட்டிக்காரர், பக்தியிலேயா எடுத்தாரு? முன்வரிசையிலே மச்சினன் மூவாயிரத்து ஐந்நூறு கேட்டுட்டான், அதான் விஷயம். டிசம்பரிலே கேரலோட வந்த கிறிஸ்மஸ் தாத்தா கிட்டே வந்தப்போ பஞ்சுத் தாடிக்குள்ள இருந்து இதே கொய்யா இலை மணம். யாருன்னு கேக்காதே. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும் எனக்குத் தெரியும்னு.

வேதத்திலேயும் இது உண்டு. ஆரோன் கதை நினைவிருக்கா? ஜனங்க நெருக்கினாங்க, பொன் கன்னுக்குட்டி செய்து கொடுத்தாரு. மோசே வந்து கேட்டப்போ என்ன சொன்னாரு? பொன்னை அக்கினியிலே போட்டேன், இந்தக் கன்னுக்குட்டி தானா வெளியே வந்துதுங்காரு! நீ சொன்ன "கையிலே கிளாஸ் எப்படி வந்துதுன்னே தெரியல்லே பாட்டா"வும் அந்தப் பரம்பரைதான். பிரதான ஆசாரியன் பரம்பரை, குறைஞ்ச இடம் இல்லே.

பேதுரு சேவல் கூவின ராத்திரி மட்டுந்தான் பயந்தாருன்னு சண்டே ஸ்கூலிலே படிச்சிருப்பே. அதுக்குப் பிறகு பெந்தெகொஸ்தே வந்துது, மூவாயிரம் பேருக்கு முன்னாலே நெஞ்சை நிமித்திப் பிரசங்கம் பண்ணினாரு. அப்படிப்பட்டவர் அந்தியோக்கியாவிலே புறஜாதிக்காரங்களோட ஒரே பந்தியிலே உண்டுட்டு இருந்தாரு. எருசலேமிலே இருந்து நாலு பேரு வந்ததும் பைய இலையை எடுத்துட்டு நகந்துட்டாரு. அவரைப் பாத்து பர்னபாவும் நகந்தாரு. பவுல் எல்லாரும் பாக்க நேரே பிடிச்சுக் கேட்டாரு. பேதுருவுக்கே ரெண்டாந்தடவை வருதுன்னா, உனக்கு அடுத்த ஒண்ணாம் தேதியும் வரும். அதனாலே இப்பமே என்ன செய்யணும்னு பாப்போம்.

தானியேல் புஸ்தகத்திலே அக்கினிச் சூளை மூணாம் அதிகாரம். எல்லாரும் அதைத்தான் நாடகம் போடுவான், சிவப்பு பேப்பர் ஒட்டி, பின்னாலே ஃபேன் வச்சு. ஒண்ணாம் அதிகாரத்தை எவனும் நாடகமாப் போட மாட்டான், அதிலே வெறும் சாப்பாடு. ராஜாவுக்க போஜனமும் திராட்சரசமும் வந்தப்போ தானியேலும் பிறகு சூளைக்குப் போன அந்த மூணு பயலுவளும் தட்டைத் தூக்கி எறியல்லே, பிரசங்கமும் வைக்கல்லே. விசாரணைக்காரன் கிட்டே மரியாதையா, பத்து நாள் மரக்கறியும் வெள்ளமும் தந்து பாருங்க ஐயா, பிறகு எங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்கன்னு தானியேல் கேட்டாரு. நாலு பேருக்கும் சேத்துக் கேட்டாரு, அதைக் கவனி. ஒண்ணாம் அதிகாரத்திலே தட்டுக்கு முன்னாலே தானியேலோட நின்ன அந்த மூணு பயலுவளாக்கும் மூணாம் அதிகாரத்திலே சூளைக்கு முன்னாலே நின்னது. தேவன் தப்புவிச்சா நல்லது, தப்புவிக்காட்டியும் கும்பிட மாட்டோம்னு ராஜாகிட்டயே சொல்லிட்டாங்க. நீ ஒண்ணாம் அதிகாரத்திலேயே கிளாஸைப் பிடிச்சிட்டு, மூணாம் அதிகாரத்துக்கு வசனம் மனப்பாடம் பண்ணுதே.

அதனாலே, வேண்டாம்னு சொல்லணுமானா ஆரியங்கோட்டிலே வச்சே சொல்லு, பைக்கிலே ஏறுறதுக்கு முன்னே. களியக்காவிளை போன பிறகு ஞானம் வந்தா பஸ்ஸுக்குக் காசு வேணும். போயே ஆகணும்னா நீ வண்டியை ஓட்டு. ஓட்டுறவனை எவனும் குடிக்கச் சொல்ல மாட்டான், அவனுக்க உயிராக்கும் உனக்க கையிலே. கையிலே ஒரு நாரங்கா சோடாவைப் பிடிச்சுக்கோ, வெறுங்கையைக் கண்டாத்தான் கிளாஸ் வரும். ஜெபம் பண்ணு, சுருக்கமாப் பண்ணு. பேதுரு கடலிலே முங்கினப்போ பண்ணின ஜெபம் மூணே வார்த்தை. கமிட்டிக்காரர் மாதிரி ஜெபம் பண்ணியிருந்தா ஆமென் சொல்ல ஆளே மிஞ்சியிருக்காது. அப்படியும் சிரிச்சானுவன்னா நீயும் கூடச் சிரி. "நமக்கு வேண்டாம்டே, நீங்க குடிங்கோ"ன்னு சொல்லிட்டு கடலையைத் தின்னு. குடிக்காததைப் பெரிய விஷயமாக்கி ஸ்டேட்டஸ் போட்டியோ, பாட்டா இந்த வீட்டை விட்டு இறக்கிருவேன். குடிக்கிறவனுக்க பெருமையையே கேட்டு மடுத்துக் கிடக்கேன், குடிக்காதவனுக்க பெருமையையும் சேத்துக் கேக்க எனக்கு ஆயுசு இல்லே.

டிஷ்ஷை அடுக்கியாச்சா? இன்னொரு காரியம். பல்சர்காரனை நான் சின்னதிலே இருந்தே பாக்கேன். நேத்து சாயங்காலம் நீ வாறதுக்கு முன்னே அவன் நம்ம கிணத்தடியிலே குனிஞ்சு நின்னு வாந்தி எடுத்துட்டிருந்தான். முதுகைத் தடவி விட்டு, பிடிக்காததை ஏன்லே குடிக்கேன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? உனக்குப் பிடிக்கும்னு அவன் நினைச்சானாம். அவன் வேண்டாம்னு சொன்னா நீ சிரிப்பியாம்.

ஞாயித்துக்கிழமை வாறப்போ அவனையும் கூட்டிட்டு வா. வாசப்படியிலே இருக்க வைக்காதே, உள்ளே கூட்டிட்டுப் போ.