முடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்குங்க

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரரிடம் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றோ முடியாது என்றோ அவர் சொல்ல மாட்டார். "முடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்குங்க" என்பார். கம்பெனியிலிருந்து வந்த சேஸிஸ் கேபின்கூட இல்லாமல் மொட்டையாக வாசலில் நிற்கும், பலகை இன்னும் அறுத்திருக்காது. வியாழக்கிழமை போன் போட்டால் "பெயிண்ட் அடிச்சாச்சுங்க, காயுதுங்க" என்பார். அந்தக் 'காயுதுங்க'தான் கைத்திறன். இறந்தகாலத்தின் ஓரத்தில் ஒட்டவைத்த அந்தத் துளி நிகழ்காலத்தில் பெயிண்ட் வாசனையே வந்துவிடும். இவருடைய பங்காளிகள் இந்தப் பக்கம் எங்கும் உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், ரவிக்கை தைப்பவர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர் என்று பட்டியல் நீளும். ஆண்டகளூர் கேட்டில் டீ குடித்துக்கொண்டே "புதுச்சத்திரம் தாண்டிட்டனுங்க" என்பவரும் அதே கூட்டம்தான்.

இவர்களைப் பொய்யர்கள் என்பது சுலபம். ஆனால் பொய் சொல்பவனுக்குக் கேட்பவர் நம்ப வேண்டும். இங்கே யாரும் நம்புவதில்லை, நம்ப வேண்டுமென்று சொல்பவரும் எதிர்பார்ப்பதில்லை. 'கிளம்பிட்டேன்' என்றால் குளிக்கப் போகிறார், 'பாதி வழி வந்துட்டேன்' என்றால் செருப்பைத் தேடுகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த கணக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது 'வருவனுங்க' என்பவருக்குத்தான், அவர் வரவே மாட்டார். தமிழின் எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுக்கும் தெம்பு குறைவு. 'காலையில் ஆற்றில் குளிப்பார்' என்றால் நாளைக்கா, தினமுமா? தெரியும், முடியும், பிடிக்கும் எல்லாம் உருவத்தில் எதிர்காலம், பேசுவதோ இன்றைய நிலையை. அவற்றையே இறந்தகாலத்துக்குத் தள்ளுங்கள், பொருளே இடம் மாறிவிடும். 'முடியும்' என்பது திராணி, 'முடிந்தது' என்பது காரியம். ஸ்பானிஷ்காரர்கள் இந்த வித்தைக்கு இரண்டு இறந்தகாலம் வைத்திருக்கிறார்கள். 'சாபியா' என்றால் தெரிந்திருந்தது, 'சூபே' என்றால் தெரியவந்தது. 'நோ கெரீயா' என்றால் மனமில்லை, 'நோ கீசே' என்றால் மறுத்தேவிட்டேன். காலம் மாறினால் வினையின் குணமும் மாறும் என்பது உலக வழக்கு. நம் பட்டறைக்காரர் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

அவர் பக்கம் பெரிய சாட்சிகளும் உண்டு. நிகழ்கால, எதிர்காலச் செயலை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே அனுமதி இருக்கிறது. உரைகாரர் காட்டும் காட்சி இன்னும் சுவை. வெளியே ஒருவன் காத்திருக்கிறான், உள்ளே இருப்பவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டாச்சு, வந்துட்டேன் என்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் விரைவோடு மிகுதி, தெளிவு என்ற சலுகைகளையும் சேர்த்தே சொல்லிவைத்தார். விஜயமங்கலம் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் அவரை உரிமை கொண்டாடுவது வழக்கம். பக்கத்து ஊர்ப் பட்டறைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரோ என்னவோ.

ஆனால் அந்த உள்ளே இருப்பவன் இலையிலாவது உட்கார்ந்திருக்கிறான், நம் ஆள் அரிசியே களையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரைவு என்ற விதியை வைத்துப் பார்த்தால் பட்டறைக்காரர் தோற்பார், தெளிவு என்ற விதியில்தான் பிழைப்பார். வேலை எப்படியும் முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, எந்த வெள்ளிக்கிழமை என்பதுதான் பாக்கி. இதைவிடக் கடினமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. பழக்கதோஷம் என்றால் கடனைப் பற்றிக் கேட்கும்போதும் 'குடுத்தாச்சுங்க' என்றல்லவா வர வேண்டும்? வராது. 'குடுத்துரலாங்க' என்பார். அந்த 'லாம்'மில் யார் கொடுப்பார் என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை. இது அவருக்கு எதிரான சாட்சி போலத் தோன்றும், எனக்கு ஆதரவாகவே படுகிறது. கையில் வாங்கி எண்ணிப் பார்க்கும் விஷயத்தில் அவர் இறந்தகாலத்தைத் தொடுவதில்லை. பொய்யர் என்றால் அங்கேதானே முதலில் கை வைத்திருப்பார்?

வெளிமாநிலத்து லாரி முதலாளி மட்டும் இந்த இலக்கணம் புரியாமல் ஏமாறுவார் என்று இரக்கப்படவும் தேவையில்லை. இந்தியிலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'அபி ஆயா', அதாவது 'இப்போ வந்தேன்' என்று குரல் கொடுப்பார்கள். இதில் ஏமாறக்கூடியவர் ஒருவர்தான். முதலாளியிடம் "பெயிண்ட் அடிச்சாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் பெயிண்டருக்குப் போன் போடுகிறார். "வந்துட்டனுங்ணா, கேட்டுக்கிட்ட நிக்கறேன்" என்கிறான் அவன். இவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து பார்க்கிறார்.