டாக்கும் டிஸ்க்கும்: நேரு பிளேஸ் பாடங்களை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

ஆய்வின் தேவை

கூடுதல் சேமிப்பிடம் கொண்ட டாக்கிங் ஸ்டேஷனை மேசைக்கணினியில் மாட்டிப் பயன்படுத்துவது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. வெளிவந்திருக்கலாம், தேடிப் பார்க்கவில்லை. தேடாமல் இப்படி எழுதித் தொடங்குவது நம் ஆய்வேடுகளின் மரபு. மரபை மீற இது இடமன்று.

ஆய்வுக் களம் தில்லி நேரு பிளேஸ். கால்காஜி கோயிலுக்கும் தாமரைக் கோயிலுக்கும் பக்கத்தில், தில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய வணிக வளாகம். போலிச் சரக்குக்குப் பெயர்பெற்ற இடங்களை அமெரிக்க அரசின் வணிகப் பிரதிநிதி அலுவலகம் தொகுத்து வெளியிடும் 'பேர்போன சந்தைகள்' பட்டியலில் இந்த வளாகம் இடம்பெற்றதுண்டு. யுனெஸ்கோ பட்டியலுக்காக ஆண்டுக்கணக்கில் மனுப்போடும் ஊர்கள் இருக்க, இதற்குக் கேட்காமலே பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது.

ஆய்வுச் சிக்கல்

டாக் என்பது ஒரு பெட்டி. அதிலிருந்து கணினிக்கு ஒரே கேபிள் போகும். பெட்டியின் பக்கங்களில் பென் டிரைவ், மெமரி கார்டு, மௌஸ், ஹெட்போன் ஆகியவற்றுக்கு வாய்கள். வயிற்றில் எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ செருக ஓர் இடம்.

இது மடிக்கணினிக்காகப் பிறந்த கருவி. 1992-இல் ஆப்பிள் வெளியிட்ட டுயோ டாக், பவர்புக் டுயோ என்னும் மெலிந்த மடிக்கணினியை அப்படியே விழுங்கிக்கொள்ளும். விழுங்கப்பட்ட கணினிக்கு ஃபிளாப்பி, பெரிய திரை, இன்னொரு ஹார்ட் டிஸ்க் எல்லாம் கிடைக்கும். ஊர் சுற்றித் திரும்புகிற கருவிக்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும், நியாயம். மேசையை விட்டு நகராத கணினிக்கு எதற்கு? இதுவே ஆய்வுச் சிக்கல்.

விடை விலையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 மேக் மினியின் தொடக்க விலை அப்போது இந்தியாவில் 59,900 ரூபாய். சேமிப்பிடம் 256 ஜிபி. 512 ஜிபி வேண்டும் என்றால் 79,900. கூடுதலாகக் கிடைப்பது 256 ஜிபி, கூடுதலாகக் கொடுப்பது 20,000 ரூபாய். அதே பணத்துக்கு அந்த நாளில் நேரு பிளேஸில் டாக் ஒன்றும் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு, சோலே பட்டூரே சாப்பிட்டு, வயலெட் லைன் மெட்ரோவில் ஏறிவிடலாம். தவிர, அந்த மேக் மினியில் பழைய செவ்வக யுஎஸ்பி வாய் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டிலுள்ள பென் டிரைவ்கள் அனைத்தும் ஒரே நாளில் அநாதையாகின்றன. மேசைக்கணினி டாக் கேட்பதில் வியப்பில்லை.

மூலங்கள்

பெட்டிப் பாடம், கையேட்டுப் பாடம், வாய்மொழிப் பாடம் என மூலங்கள் மூன்று. இவற்றுள் ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போனால் அது போலி என்று கொள்க.

வகைப்பாடு

இருப்பிடம் பற்றி டாக்குகள் மூவகைப்படும்.

கணினிக்கு அடியில் கிடப்பவை முதல் வகை. மேக் மினியின் அளவுக்கே வார்த்த அலுமினியத் தட்டுகள் இவை. எம்4 மேக் மினி அடிப்பாகத்தின் வழியாகவே காற்றை இழுத்து, அதன் வழியாகவே வெளியே தள்ளுகிறது. அதன் பவர் பொத்தானும் அடியில்தான். ஆக, டாக் செய்பவர் கணினியைத் தாங்கவும் வேண்டும், அது மூச்சுவிட வழிவிடவும் வேண்டும், விரல் நுழையப் பள்ளமும் வெட்ட வேண்டும். தில்லியின் மே மாதத்தில், 45 டிகிரி வெயிலில், ராஜஸ்தானிலிருந்து வரும் புழுதிக்காற்றில் இந்த மூச்சு எப்படிப் போகும் என்று எந்தப் பெட்டிப் பாடமும் பேசவில்லை. "நன்கு காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவும்" என்கிறது கையேடு (மூன்றாம் மடிப்பு). அதே கையேட்டின் முதல் படத்தில் டாக் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது.

பக்கத்தில் நிற்பவை இரண்டாம் வகை. மேலே வாய் திறந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கைச் செங்குத்தாக இறக்க வேண்டும். ரொட்டி வாட்டும் டோஸ்டரைப் போலவே இருப்பதால் வெள்ளைக்காரர்களும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி கேபிள் சாதாரணமாகத் தருவது 5 வோல்ட். எனவே டாக்குக்குத் தனி அடாப்டர் உண்டு, அதற்குத் தனி பிளக் உண்டு. கணினியை யுபிஎஸ்ஸிலும் இந்த அடாப்டரைச் சாதாரண சுவிட்ச்போர்டிலும் செருகுவது தில்லி மரபு. மின்சாரம் போகும்போது கணினி விழித்திருக்கும், டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த வரியின் நடுவில் உறங்கிவிடும்.

பின்னால் தொங்குபவை மூன்றாம் வகை. தொங்கும்.

நிறம்: சாம்பல். கறுப்பும் உண்டு என்பர்.

காலமும் பெயரும்

இனி இத்துறையின் இருண்ட பகுதிக்குள் நுழைகிறோம். யுஎஸ்பியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அஜய் பட். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆகவே இத்துறை முழுவதும் நமக்கே சொந்தம் என்று நிறுவப்பட்டது. இப்படி நிறுவ ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை என்பதை நம் பல்கலைக்கழகங்களில் கற்றுக்கொண்டேன்.

2008-இல் யுஎஸ்பி 3.0 வந்தது. வேகம் நொடிக்கு 5 ஜிகாபிட். 2013-இல் 10 ஜிகாபிட் வேகத்தோடு 3.1 வந்தது. புதியதற்குப் புதுப்பெயர் வைத்ததோடு நின்றிருக்கலாம். தரத்தை வகுத்த அமைப்பு பழையதையும் இழுத்து, அதற்கு '3.1 ஜென் 1' என்று மறுபெயர் சூட்டியது. 2017-இல் 3.2 வந்த பிறகு அதே பழைய 5 ஜிகாபிட் '3.2 ஜென் 1' ஆயிற்று. 10 ஜிகாபிட் '3.2 ஜென் 2' ஆயிற்று. புதிய 20 ஜிகாபிட்டுக்கு 'ஜென் 2×2' என்று வாய்பாட்டிலிருந்து ஒரு பெயர் வந்தது. கடையில் ஒரே அலமாரியில் 3.0, 3.1, 3.2 என்று மூன்று டாக்குகள் இருக்கும். மூன்றும் 5 ஜிகாபிட்டாக இருக்கலாம். விலை மட்டும் எண்ணோடு சேர்ந்து ஏறும் (பெட்டி, அடிப்புறம், விலைச்சீட்டு, அதன்மேல் இன்னொரு விலைச்சீட்டு ஒட்டியிருப்பதால் இப்பாடம் இரண்டாம் அடுக்கினது).

நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து எங்கோ கொண்டுபோய் மாட்டியவர்தான். ஆனால் அவர்கூட மூலநூலின் பெயரை மாற்றவில்லை. 2022-இல் அதே அமைப்பு, பொதுமக்களுக்கு இந்த எண்களெல்லாம் வேண்டாம், '5 ஜிபிபிஎஸ்', '10 ஜிபிபிஎஸ்' என்று வேகத்தையே பெயராக எழுதுங்கள் என்று அறிவித்தது. 14 ஆண்டுகள் உரையெழுதி முடித்து மூலத்துக்குத் திரும்பினார்கள். தொல்காப்பியரின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கும் நம் அறிஞர்களும் ஒருநாள் பொருளதிகாரத்தைத் திறந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

வேகம் பற்றி ஒன்று மட்டும். எஸ்எஸ்டியின் பெட்டியில் நொடிக்கு 7,000 மெகாபைட் என்று போட்டிருக்கும். 10 ஜிகாபிட் டாக்கின் வழியாக அது ஏறக்குறைய 1,000-ஆக வந்து சேரும், அதையும் அதே டாக்கிலுள்ள மற்ற கருவிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மீதி 6,000 எங்கே என்று கேட்டால் "டிஸ்க் ஒரிஜினல் ஹை, சர்ஜி" என்பதே எல்லாத் தளங்களிலும் கிடைக்கும் ஒருமித்த பாடம். வீட்டுக் கோப்புகளுக்கு 1,000 தாராளம். 7,000 வேகத்துக்கென்று பணம் கொடுப்பதுதான் வீண்.

கடல்கொண்ட 69 ஜிபி

1 டிபி டிஸ்க்கை டாக்கில் செருகி விண்டோஸில் திறந்தால் 931 ஜிபி என்று காட்டும். 69 ஜிபி எங்கே? இந்த வினாவை ஒட்டி நேரு பிளேஸில் நான்கு பள்ளிகள் தோன்றியுள்ளன. கம்பெனி திருடியது என்பது முதற்பள்ளி (வாய்மொழி, தரைத்தளம்). விண்டோஸ் தின்றது என்பது இரண்டாம் பள்ளி (வாய்மொழி, முதல் மாடி, படிக்கட்டில் திருத்தம் பெற்றது). டாக் மலிவானது, அதனால் கசிகிறது, நம் கடை டாக்கை வாங்கினால் கசியாது என்பது மூன்றாம் பள்ளி (வாய்மொழி, எல்லாக் கடைகளும், அடுத்த கடையைப் பற்றி).

நான்காவது எனது பள்ளி: கடற்கோள் கொள்கை. அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில், கடல்கொண்ட நிலம் 700 காவதம், 49 நாடு என்று கணக்குக் கொடுத்தார். நம் கணக்கும் அதற்கு இளைத்ததன்று. 1 டிபியில் 69 போகிறது. 2 டிபியில் 137. 4 டிபியில் 275. நிலம் பெரிதாகப் பெரிதாகக் கடலும் பெரிதாகிறது. மூழ்கிய பகுதியில்தான் நம்முடைய தலைசிறந்த கோப்புகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. மூழ்கியதால் மறுப்பதற்கும் வழியில்லை. இது ஒன்றே ஒரு கொள்கை நிலைபெறப் போதுமான தகுதி (கையேடு, சீன மூலம், ஆங்கிலம் வழியாக வந்த பதிப்பு, ஏழாம் மடிப்பு, படம் 3, அம்புக்குறி, அம்புக்குறி எதைச் சுட்டுகிறது என்பதில் கடைக்காரருக்கும் அவர் தம்பிக்கும் உள்ள கருத்து வேறுபாட்டுக்குக் காண்க: மேற்படியார், வாய்மொழி, தேநீர் வேளை, தம்பியின் பாடமே பழையது, அண்ணன் சொல்வது இடைச்செருகல் என்பது சமோசாக்காரர் துணிபு).

எதிர்ப்பள்ளியினர் சொல்வது இது: டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது, ஓர் இலட்சம் கோடி பைட்டை 1,024-ஆல் மூன்று முறை வகுத்தால் 931 வரும். 1998-இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்குத் தனிப்பெயர்கள் வகுத்துக் கொடுத்துவிட்டது; விண்டோஸ் அவற்றைச் சீண்டவில்லை. ஆப்பிள் 2009-இல் ஆயிரம் கணக்குக்கு மாறியதால் அதே டிஸ்க், அதே டாக், மேக் மினியில் மாட்டியதும் முழு 1 டிபியாகிவிடும். கடல் உள்வாங்கிவிட்டது என்று எம் பள்ளி இதை விளக்கும். குமரிக்கண்டத்துக்கு மலை, ஆறு, எல்லை குறித்து வரைபடம் போட்டவர்கள் கையில் யாராவது ஒரு கால்குலேட்டர் கொடுத்திருந்தால் தமிழாய்வு இன்னும் நூறாண்டு முன்னேறியிருக்கும், அல்லது வேலையில்லாமல் போயிருக்கும்.

துள்ளும் மௌஸ்

டாக்கில் எஸ்எஸ்டி ஓடும்போது பக்கத்து வாயில் செருகிய வயர்லெஸ் மௌஸ் திக்கும். திருஷ்டி அன்று. யுஎஸ்பி 3.0 எழுப்பும் மின்காந்த இரைச்சல், மௌஸ் பேசும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் விழுகிறது. இன்டெல் 2012-இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டது. மௌஸின் பொத்தான் அளவு ரிசீவரைப் பிடுங்கி, கணினியிலோ ஒரு நீட்டிப்புக் கேபிளிலோ தள்ளிச் செருகினால் சரியாகும். இந்தப் பகுதியில் அறிஞர்களுக்கு வேலை இல்லாததால் முடித்துக்கொள்கிறேன்.

படியெடுக்கும் பொத்தான்

இரண்டு டிஸ்க் கொள்ளும் டோஸ்டர் டாக்குகள் பலவற்றில் 'குளோன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கணினியே தேவையில்லை: ஒரு குழியில் பழைய டிஸ்க், மறு குழியில் புதியது, பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதலாவதில் உள்ளது அப்படியே இரண்டாவதற்குப் போகும். எது முதலாவது என்பதில்தான் பாடபேதம். ஒரு டாக்கில் முன்குழி மூலம், பின்குழி படி. இன்னொன்றில் மாறிவரும். குழியருகே மிகச் சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள்; கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பு எழுத்து.

ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்கள் எழுத்தை விட்டார்கள், அடியை மாற்றினார்கள், தங்கள் பாட்டையும் நடுவே சேர்த்தார்கள். எத்தனை தூங்கி வழிந்தாலும், வெற்றோலையைப் பார்த்து எழுதி மூல ஓலையை வெற்றோலையாக்கியவர் ஒருவரும் இல்லை. அந்தச் சாதனை இந்தப் பொத்தானுக்கே உரியது. குழி மாறினால் காலி டிஸ்க்கின் காலித்தனம் எழுத்துப் பிசகாமல் முழு டிஸ்க்கின்மேல் ஏறிவிடும். சுவடி தேடி உ.வே.சாமிநாதையர் வீடுவீடாக ஏறி இறங்கியபோது கறையானும் ஆடிப்பெருக்கும் செய்திருந்த வேலையை இது பச்சை விளக்கு எரிய எரியச் செய்து முடிக்கிறது. முடிந்ததும் 100 சதவீதம் என்று காட்டும்.

முடிபு

டாக்கில் இருக்கும் டிஸ்க் கூடுதல் இடம் மட்டுமே. அது காப்புப் படி ஆகாது. கணினிக்கும் அதற்கும் நடுவில் ஒரே கேபிள், இரண்டுக்கும் மேலே ஒரே மின்விசிறி, ஒரே மின்வெட்டு, ஒரே திருடன். கணினியில் இருந்த படங்களை டாக்குக்கு நகர்த்திவிட்டு "பேக்கப் எடுத்தாச்சு" என்பவர்களிடம் மொத்தமாக இருப்பது ஒரு படிதான், இடம்தான் மாறியிருக்கிறது.

இக்கட்டுரையை ஐஎஸ்எஸ்என் எண்ணுள்ள ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருக்கலாம். கட்டணம் கட்டினால் மூன்றே நாளில் வெளிவரும். மதிப்பீட்டாளர் பரிந்துரை அதற்கு முந்தின நாளே தயாராக இருக்கும். பணம் டாக் வாங்கச் செலவாகிவிட்டதால் இங்கே வெளியிடுகிறேன். மறுப்பு எழுத விரும்பும் அறிஞர்கள் எழுதுங்கள். எழுதியதை டாக்கிலுள்ள டிஸ்க்கில் ஒன்றும், வேறு வீட்டிலுள்ள டிஸ்க்கில் இன்னொன்றுமாக வைத்துவிட்டு அனுப்புங்கள். டாக் வாங்கப் போகிறவர்கள் வரியோடு எழுதிய பக்கா பில் கேளுங்கள்; 18 சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்ததும் முகம் சுளித்து, வரியில்லாத துண்டுச்சீட்டான கச்சா பில்லுக்கு இறங்கினால், வாரண்டி கடைப் படிக்கட்டோடு முடிந்துவிடும்.