தாம்பரத்துச் சுண்டல்: பருவம், தண்ணீர், பொட்டலம் குறித்த ஓர் ஆராய்ச்சி

அக்டோபர் பிறந்தால் உலகத்தின் வடபாதி விளைச்சலுக்கு நன்றி சொல்லக் கிளம்பிவிடுகிறது. கனடாவில் அந்த மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையை 1957 முதல் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். வான்கோழி, பரங்கிக்காய், குடும்பச் சண்டை எல்லாம் அன்றைக்கு உண்டு. தமிழருக்குத்தான் தை இருக்கிறதே, அக்டோபரில் அவர்களுக்கு என்ன வேலை என்று அறிஞர்கள் கேட்கலாம். அப்படியானால் புரட்டாசி மாலைகளில் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் குக்கர் விசில் அடிப்பது எதற்காக என்று அவர்களே சொல்லட்டும். நவராத்திரிச் சுண்டலை அறுவடை விருந்து என்று கொள்ளலாமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதல் தடை பருவம். இலையுதிர்காலம் என்ற ஒன்று சேலையூரில் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நடுவே ஒரு புழுக்கம் வரும்; அவ்வளவுதான். இரண்டாவது தடை வயல். செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஊருக்கொரு ஏரி இன்னமும் இருக்கிறது. அதன் பாசனத்தில் இருந்த நிலத்தில் இப்போது அடுக்ககம் விளைகிறது, முப்போகம்.

ஆகவே தானியங்களின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டியதாயிற்று. சுண்டல்களில் மூத்ததான கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் விதைத்து மாசி பங்குனியில் அறுக்கிறார்கள். கொலுப்படி ஏறும்போது அதற்கு அரை வயது. பருவத்தோடு ஒட்டிப் போவது ஆடிப் பட்டத்து வேர்க்கடலையும், வடக்கே தென்மேற்குப் பருவமழையில் விதைத்த பாசிப்பயறும்தான். ஆனால் பாசிப்பயறு குழைந்துவிடும் என்றும், வேர்க்கடலை பித்தம் என்றும் இந்த இரண்டையும் ஒதுக்கும் வீடுகள் உண்டு. பருவத்துக்கு உரியவற்றைத் தள்ளிவிட்டு உரிமையில்லாததற்குத் தேங்காய் துருவுவது ஆராய்ச்சிக்கு உதவாத குணம்.

வெள்ளைப் பட்டாணியைப் பிரித்தபோதுதான் ஆய்வு சூடு பிடித்தது. உலகிலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் தின்பதும் இந்தியாதான். அப்படியும் போதாமல் பட்டாணி கப்பலில் வருகிறது. வெகுகாலம் அதில் பெரும்பங்கு கனடாவுடையது. இப்போது ரஷ்யாவும் போட்டிக்கு நிற்கிறது. 2017 நவம்பரில் மத்திய அரசு இறக்குமதிக்கு 50 சதவீத வரி போட்டது. 2023 டிசம்பரில் வரியை எடுத்து வழிவிட்டது. கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலத்தில் பட்டாணி அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில் முடியும். 2024இல் விஜயதசமி அக்டோபர் 12, கனடாவின் நன்றி நாள் அக்டோபர் 14. எந்த விளைச்சலுக்காக அங்கே வான்கோழி வெட்டினார்களோ, அதே நிலத்தின் முந்தைய ஆண்டுப் பட்டாணி ராஜகீழ்ப்பாக்கத்தில் கடுகு தாளித்துக் கொண்டிருந்திருக்கலாம். நன்றியைத் தபாலில் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

இனித் தண்ணீர். தென்புறநகரில் சுண்டலின் தலைவிதியை எழுதுவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயற்றின் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த கடலையோ தன் பங்குக்கு முன்பே இறுகியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் எட்டு மணி நேரம் ஊறி, ஆறு விசில் வாங்கிய பிறகும் கடலை பல்லோடு வாதாடும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா காரத்தன்மையால் பெக்டினை இளக்கும். சிட்டிகை கொஞ்சம் பெருத்தால் சவுக்கார வாசனை வரும், தயமின் என்ற பி1 வைட்டமினும் போய்விடும். இதையெல்லாம் எந்த ஆய்வேடும் படிக்காமல் கண்டுகொண்ட மேடவாக்கத்து இல்லத்தரசிகள் சுண்டலுக்கு மட்டும் கேன் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். வீட்டுக்காரர் குடிப்பதற்கு அதே மரியாதை உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

எந்த நாளுக்கு எந்தச் சுண்டல் என்பதற்கு நவதானியச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு கோதுமை, திங்கள் அரிசி, செவ்வாய் துவரை, புதன் பச்சைப்பயறு, வியாழன் கொண்டைக்கடலை, வெள்ளி மொச்சை, சனி எள். வியாழனில் சட்டமும் சட்டியும் ஒத்துப்போகும். சனிக்கிழமை எள்ளைச் சுண்டல் செய்ய யாராலும் முடியாது. ஆகவே உருண்டை பிடித்துச் சனி பகவானைச் சமாதானம் செய்கிறார்கள். முந்தின இரவு ஊறப்போட மறந்தவர்களுக்கு எந்தக் கிழமையானாலும் கடலைப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊறினால் போதும் என்பதால் அதுவே நடைமுறையில் அரசாள்கிறது.

பொட்டலக் கணக்கு வேறு. ஓர் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீட்டில் கொலு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டாரும் மற்றப் பதினோரு வீட்டுக்கும் ஒரு முறை போனால் 132 பொட்டலம் கைமாறும். கொலு இருபது வீடானால் 380. வீடு இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சுண்டல் மூன்று மடங்கை நெருங்குகிறது. தாம்பூலத்தோடு தரும் ரவிக்கைத் துணி தைக்கப்படாமலே பல கொலு பார்த்துவிடும். சுண்டலுக்கு அந்த வசதி கிடையாது. தேங்காய் போட்டது மறுநாள் ஊசிப்போகும். எனவே ஒன்பது நாளும் இரவுச் சாப்பாடு சுண்டலே என்ற நிலைக்குப் பல குடும்பங்கள் வந்து சேர்கின்றன. "அக்கா, நாளைக்கு உங்க வீட்ல என்ன சுண்டல்?" என்று லிஃப்டில் கேட்பது நலம் விசாரிப்பு அன்று, உளவு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபின் பாக்குமட்டைக் கிண்ணம் பரவியது, கனமும் கூடியது.

ஒன்பதாம் நாள் ஆயுத பூசை, ஆண்களின் முறை. கோயம்பேட்டுச் சிறப்புச் சந்தையிலிருந்து பொரி மூட்டையும் வாழைக்கன்றும் பூசணியும் ஜி.எஸ்.டி. சாலை வழியே வந்திறங்கும். ஆட்டோ ஸ்டாண்டு, மெக்கானிக் ஷெட், 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் என்று எங்கும் சந்தனப் பொட்டு. பூசணிக்காயைச் சாலையில் உடைக்காதீர்கள், வண்டிகள் வழுக்கும் என்று காவல்துறை கேட்டுக்கொள்ளும். மறுநாள் காலை சாலையைப் பார்த்தால் அந்த வேண்டுகோளின் கதி தெரியும்.

பொரியை வைத்தாவது அறுவடை வாதத்தைக் காப்பாற்றலாமே என்ற ஆசை இயல்பு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் புரட்டாசி வாக்கில் டெல்டாவில் குறுவை அறுவடை நடக்கும், பொரியும் அரிசிதான். ஆனால் அது புழுக்கிக் காயவைத்து, உப்பிட்டுச் சூட்டு மணலில் பொரித்த அரிசி. எந்தப் போகத்து நெல் என்று பொரிகடலைக் கடையில் கேட்டால் விலையைத்தான் சொல்வார்கள். அதற்குள் பெரிய சிக்கல் ஒன்று வந்துவிடும். பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் இறங்குகிறது. விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று வாரம்கூட இல்லை. ஈரக்காற்று பட்ட பொரி நமத்துப் போகும் முன்பே பூண்டு தட்டிப் போட்டுக் காரப்பொரியாக்கி டப்பாவைக் காலி செய்தாக வேண்டும், முறுக்குக்கு இடம் வேண்டுமே.