சித்தப்பா அளவை: கையடக்கக் கேமராத் தேர்வு பற்றி ஓர் ஆராய்ச்சி

இரண்டு கையடக்க டிஜிட்டல் கேமராக்களில் எதை வாங்குவது என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடைகளில் பெரும்பாலானவை ஒரு பிழையைச் செய்கின்றன. அவை கேமராவைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வாங்கி வந்த பிறகு வீட்டில் நடப்பதை அவை கணக்கில் எடுப்பதில்லை. புதுக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கும் உறவினர் எவரும் லென்ஸைப் பற்றி விசாரிப்பதில்லை. "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே கேள்வி. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்ற கேள்விக்கு இது தம்பி முறை. விடை எண்ணாக இருக்க வேண்டும், எதிர்வீட்டில் சொன்ன எண்ணைவிட ஒன்றாவது கூட இருக்க வேண்டும்; வேறு நிபந்தனை கிடையாது. ஆகவே மெகாபிக்சல் என்பது பதில் சொல்வதற்காக ஏற்பட்ட எண் என்பதும், கேமராவைத் தேர்வதற்குரிய எண் வேறொன்று என்பதும், அதை அளக்கும் அலகு சித்தப்பா என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 அங்குல பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாக வைத்தாலும், 1200-ஐ 1800-ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிதான் வரும். அதாவது 2 மெகாபிக்சலும் கொஞ்சம் கொசுறும். 1920-க்கு 1080 புள்ளி கொண்ட டிவித் திரைக்கு அந்தக் கொசுறும் பாதி போதும். 1995-இல் கேசியோ விற்ற கியூவி-10 கேமரா 320-க்கு 240 புள்ளியில்தான் படம் தந்தது, அந்தக் காலத்தில் "எத்தனை?" என்று கேட்டவர் விவரமானவர். 12 மெகாபிக்சல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பது, மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் அண்டா எத்தனை படி பிடிக்கும் என்று கேட்பதற்குச் சமம்.

உபரி இருந்துவிட்டுப் போகட்டுமே, நட்டம் என்ன எனின், அற்றன்று. இந்த ரகக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் அகலத்தில் ஏறத்தாழ 6.2 மி.மீ., உயரத்தில் 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தின்மேல் வைத்தாலும் ஓரத்தில் நகம் தெரியும். அந்த இடத்துக்குள் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளை அடைப்பது, நூறு இலை போடும் பந்தியில் முந்நூறு இலை போடுவதைப் போன்றது. இலையை நறுக்கி நறுக்கிப் போட வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஊற்றும் ரசம் அடுத்தவர் இலைக்குப் போகும். எவருக்கும் வயிறு நிறையாது. நல்ல வெயிலில் வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் இது தெரியாது. இருட்டிய பிறகு கல்யாண மண்டபத்தில் எடுத்தால் படம் முழுக்கப் பொரிபொரியாக வரும்; அதைக் கேமராவே துடைத்துச் சீர்செய்யப் போக, பட்டுப்புடவையின் சரிகை மஞ்சள் பூச்சாகிவிடும். பெரிதாக்கி வெட்டிக்கொள்ள மெகாபிக்சல் உதவுமே என்பவருக்கும் விடை இதுதான்: பூச்சைப் பெரிதாக்கினால் பெரிய பூச்சு கிடைக்கும். தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதற்குச் சான்றும் உண்டு. கேனன் 2008-இல் ஜி10 கேமராவை 14.7 மெகாபிக்சலோடு விற்றது. வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் தேற வேண்டும் என்பதற்காக, மறு ஆண்டு வந்த ஜி11-இல் அதை 10 ஆகக் குறைத்தது. போன வருடத்தைவிடச் சம்பளம் குறைவு என்று பெண் வீட்டில் போய்ச் சொன்ன மாப்பிள்ளையின் நெஞ்சுரம் அது.

அற்றேல், செல்போன் வந்த பின் இந்த ஆராய்ச்சியே காலாவதி ஆயிற்றே எனின், கேமரா போனாலும் கேள்வி போகவில்லை என்க. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. பிறகு விற்பனை சரிந்தது உண்மை. ஆனால் 2023-இல் சாம்சங் எஸ்23 அல்ட்ரா 200 மெகாபிக்சலோடு வந்தது. வழக்கமாக அது சேமிக்கும் படம் 12 மெகாபிக்சல். பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிறது. அழைப்பிதழில் 200 பேர், பந்தியில் 12 பேர். பதினாறு துண்டு இலைகளை ஒட்டவைத்து ஒருவருக்குச் சோறு போடும் இந்த ஏற்பாடு, எண் எதற்காக ஏற்பட்டது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. தவிர, பழைய கையடக்கக் கேமராக்களை இளவட்டங்கள் இப்போது தேடித் தேடி வாங்குவதால், ஆராய்ச்சிக்குரிய பொருளும் கடைக்குத் திரும்பிவிட்டது.

இனி அலகுக்கு வருவோம். இந்தக் கேமராக்கள் நம் வீடுகளில் செய்யும் தலையாய வேலை குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுப்பது. கேனன் இக்ஸஸ் 100, இக்ஸஸ் 110 இரண்டும் 2009-இல் வந்தவை, இரண்டும் 12.1 மெகாபிக்சல். பதில் சொல்லும் எண்ணில் இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் முன்னதன் லென்ஸ் 33-இல் தொடங்குகிறது, பின்னது 28-இல். எண் குறையக் குறையக் காட்சி விரியும். 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 33-இல் ஏறத்தாழ 3.15 மீட்டர் அகலம் அடங்கும், 28-இல் 3.7 மீட்டர். வேறுபாடு அரை மீட்டரும் சொச்சமும். நடுத்தர உடம்புள்ள ஒருவர் தோளோடு தோள் ஒட்டி நிற்கப் பிடிக்கும் இடம் அதுவே. பாட்டி நடுவில் உட்கார, பெரியப்பா அருகில் நிற்க, பிள்ளைகள் முன்னால் குந்த, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுக் கடைசியாக ஓரத்தில் வந்து சேர்பவர் சித்தப்பா. ஆகவே இவ்விரண்டு கேமராக்களுக்கும் உள்ள வேறுபாடு சரியாக ஒரு சித்தப்பா. 33-இல் அவர் ஒரு முழங்கையாகவும் கைக்கடிகாரமாகவும் மட்டுமே ஆல்பத்தில் இடம்பெறுவார்.

இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கலாமே எனின், பின்னால் சுவர் இருக்கிறது. சுவரை ஒட்டி பீரோவும் இருக்கக்கூடும். 12 அடிக் கூடம் என்பது 3.66 மீட்டர். வரிசையில் நிற்பவர்கள் அரை மீட்டரை எடுத்துக்கொண்டால், முதுகைச் சுவரோடு ஒட்டினாலும் மிஞ்சுவது 3 மீட்டரும் கொஞ்சமும்தான். அகன்ற லென்ஸில் ஓரத்து ஆள் பருமனாகத் தெரிவாரே என்பது இன்னொரு தடை. அதுவும் உண்மையே. ஆனால் பருமனாக விழுந்த சித்தப்பா கேமராவைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். படத்திலேயே இல்லாத சித்தப்பா, அடுத்த காதுகுத்து வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஆதலால் முடிபு இது. மெகாபிக்சல் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கும் முன், 35 மி.மீ. கணக்கில் லென்ஸ் 28-இலோ அதற்குக் கீழோ தொடங்குகிறதா என்று விசாரியுங்கள். லென்ஸைச் சுற்றிப் பொறித்திருக்கும் 5.0, 6.2 போன்ற சின்ன எண்களைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்; அவை ஃபிலிம் கணக்கு அல்ல. இரண்டு கேமராவிலும் 28 இருந்தால் விலை குறைந்ததை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் பிரிண்ட் போட்டு, ஒன்றைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவையுங்கள்.