எட்டு மணிக்குள் ஒரு புராணம்

மெனு அவர் கைக்குப் போனதும் மற்றவர்கள் மணி பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஏழு இருபது. எட்டு மணிவரை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நாற்பது நிமிடம் போதாதா என்று கேட்பவர் இன்னும் இவரோடு வந்து உட்கார்ந்ததில்லை என்று பொருள்.

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம், அலுவலகக் கட்டடங்களுக்கு அடியில் இருக்கும் எந்த பேஸ்மென்ட் காக்டெயில் பாரிலும் வெள்ளிக்கிழமை மாலை இவரைப் பார்க்கலாம். வங்கி, ஐடி, தணிக்கை என்று வேலை மாறும், ஆள் மாறமாட்டார். கழுத்தில் அலுவலக அட்டை அப்படியே தொங்கும். எதிரே யாராவது ஒரு புது ஆள் கட்டாயம் இருப்பார். பழைய ஆட்களிடம் சொல்லித் தீர்த்த கதையை வேறு யாரிடம்தான் சொல்வது?

முன்னுரை படிக்கட்டிலேயே ஆரம்பம். பெயர்ப்பலகை இல்லாத கதவைக் கண்டதும் நின்றுவிடுவார். "தம்பி, இது ஏன் இப்படி ஒளிஞ்சிருக்கு தெரியுமா?" அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது ரகசியமாக நடந்த கடைகளின் சாயல்தான் இது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் முடியும்வரை பின்னால் வருகிறவர்கள் படியிலேயே காத்திருக்க வேண்டும். யாரும் தடுக்காத ஊரில், கூடுதல் காசு கொடுத்து, திருட்டுத்தனமாகக் குடிப்பதுபோல் நடிக்க இத்தனை கூட்டமா என்று ஒருவர் முணுமுணுத்தாலும் அவர் காதில் விழாது.

உட்கார்ந்ததும் புது ஆள் அந்தத் தவற்றைச் செய்வார். "அண்ணே, எனக்கு ஒரு சிங்கப்பூர் ஸ்லிங்." மேசைக்கு அடியில் மூன்று கால்கள் ஒரே நேரத்தில் அவரை உதைக்கும். பயனில்லை.

ராஃபிள்ஸ் ஹோட்டல், 1915. மதுக்கலவை செய்தவர் ஞியாம் டோங் பூன், ஹைனான் சீனர். பெண்கள் பொது இடத்தில் குடிப்பதை ஊர் ஏற்காத காலம். பார்த்தால் பழச்சாறு மாதிரி இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பு நிறம். இதை அவர் சொல்லி முடித்ததும் புது ஆள் கை தூக்கிப் பணியாளரைக் கூப்பிடப் போவார். "இரு, இரு. 1915ங்கறதையே நிறைய பேர் ஒத்துக்கறதில்ல" என்று எதிர்த்தரப்பைத் தொடங்குவார். பட்டிமன்றத்தின் இரண்டு அணியும் அவரே, நடுவரும் அவரே. ஹோட்டலின் கதைக்கு ஏழு நிமிடம் என்றால் மறுப்புக்கும் ஏழு நிமிடம். நியாயஸ்தர்.

ஏழு நாற்பது. பணியாளர் இரண்டாம் முறை வந்து, சிரித்து, போய்விட்டார்.

"எனக்கு பீர் போதும்ணே" என்று தப்பிக்கப் பார்த்தவர்கள் உண்டு. "பீரா? இங்க வந்தா?" என்பார், அந்த முகத்தைப் பார்த்தபிறகு பீர் இறங்காது. சரி, நெக்ரோனி என்றால் 1919-இல் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பிரபு சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதாகக் கதை. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம அளவு. அதைக் குலுக்கித் தரச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "ஜேம்ஸ் பாண்ட் கெடுத்து வச்சது!" பழச்சாறு சேர்ந்தால் குலுக்க வேண்டும், வெறும் மது வகைகள் மட்டும் என்றால் ஐஸோடு கலக்கினால் போதும். கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பார்டெண்டர் தலையாட்டுவார். வேதனையே அதுதான். அவர் சொல்வது பெரும்பாலும் சரி.

சரியாக இருந்து என்ன செய்ய? மணி எட்டு ஐந்து.

மெனுவில் 20 வெள்ளி என்றிருக்கும். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம்: 22 வெள்ளி. இரண்டாவது குறி ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி, அதுவும் அந்த 22-க்கு மேல்: 23 வெள்ளி 98 காசு. நான்கு பேர் ஆளுக்கு இரண்டு குடித்தால் சலுகையில் 95 வெள்ளி 92 காசு. எட்டு மணிக்கு மேல் 191 வெள்ளி 84 காசு. ஞியாம் டோங் பூனுக்கும் அந்த இத்தாலியப் பிரபுவுக்கும் தண்டம் அழுதது 95 வெள்ளி 92 காசு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் வாடகையும் கட்டி ஊருக்கும் பணம் அனுப்புகிறவனுக்கு இது இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு. சொன்னால், "ஹேப்பி ஹவர்ல ஊத்தற ஜின்னே வேற தம்பி" என்பார்.

குடிக்கும் முன் ஆரஞ்சுத் தோலை முகர்ந்து பார்ப்பது, படம் எடுப்பது எல்லாம் உண்டு. அவை யாருக்கும் செலவு வைப்பதில்லை.

ஆனால் ஒன்று. குழுவில் குடிக்காத பெண் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் "உனக்கு ஜூஸ்தானே?" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். இவர் எழுந்து கவுன்டருக்கே போவார். எலுமிச்சை, இஞ்சி, சோடா. எல்லோருக்கும் தருகிற அதே கண்ணாடிக் கோப்பை, அதே பெரிய ஐஸ் கட்டி. "அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, அதுல 44.7 விழுக்காடு ஆல்கஹால் இருக்கு" என்று இரண்டு முறை சொல்லி, செய்து முடிக்கும்வரை நின்று பார்த்து, தானே கொண்டுவந்து வைப்பார். அந்தக் கோப்பைக்கு மட்டும் வரலாறு கிடையாது.

பிறகு எழுந்து கிளம்பும் நேரத்தில் யாராவது டானிக் வாட்டர் ஏன் கசக்கிறது என்று கேட்டுத் தொலைப்பார்கள். சின்கோனா மரப்பட்டை, குவினைன், மலேரியா, இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். கடைசி ரயில் போய்விடும். நள்ளிரவுக்கு மேல் டாக்ஸி மீட்டரில் பாதி கூடுதல்.

ஒரு குழு சாமர்த்தியமாக யோசித்து, அடுத்த வாரம் ஆறு மணிக்கே போய்விடலாம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தது. உடனே சம்மதித்தார்.

"நல்லதாப் போச்சு. ரம் பத்தியும் பேசிடலாம்."