சாய்வு பொறாதவர்

இங்கிலாந்தின் கிராமத்துச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தால் ஓட்டுகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். அறுபதைத் தாண்டியிருப்பார். நேர்சாலையில் சாதாரண மனிதர்தான். வளைவு வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வார். கார் எவ்வளவு சாய்கிறது என்று உட்கார்ந்த இடத்தாலேயே அளந்துகொண்டிருக்கிறார்.

இவருக்கு வாழ்க்கையில் ஒரே எதிரி பாடி ரோல். வளைவில் திரும்பும்போது சக்கரம் ஒரு பக்கம் போக, மேலே இருக்கும் உடல் மறுபக்கம் சரிகிறதே, அதுதான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இவர் பொறுக்கமாட்டார்.

அறிமுகமான பத்தாவது நிமிடத்தில் வரலாறு தொடங்கிவிடும். எம்ஜிபி 1962-ல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தது, 1980-ல் நிற்பதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள் என்பதையெல்லாம் அவசரமாக ஒப்பித்துவிட்டு 1974-க்கு வந்து நிற்பார். அங்கேதான் குரல் தழுதழுக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகப் பளபளக்கும் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். உயரம் போதவில்லை என்று காரையே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். செலவை மிச்சப்படுத்த, திறந்த மாடலில் முன்பக்கத்து ஆன்டி ரோல் பாரையும் கழற்றிவிட்டார்கள். “ஆளை உயரத்தில் ஏற்றிவிட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியையும் பிடுங்கிவிட்டார்கள்!” என்பார். 1976-ல் தவறை உணர்ந்து முன்னும் பின்னும் பார் போட்டுக் கொடுத்தார்கள். இவரிடம் இருப்பது, சொல்ல வேண்டுமா, இரண்டுக்கும் இடைப்பட்ட கார். முந்தையதையோ பிந்தையதையோ வாங்கியிருக்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். சாயாத காரில் இவருக்கு என்ன வேலை?

பிறகு பாடம். ஆன்டி ரோல் பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் எஃகுக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 19 போட்டால் விறைப்பு இரட்டிப்பு. “மூன்றே மூன்று மில்லிமீட்டர்!” என்று விரலிடுக்கில் காட்டும்போது அவர் கண்ணில் தெரியும் ஒளி, பேரக்குழந்தையின் போட்டோவைக் காட்டும்போதுகூட இருக்காது.

வேலை ஒருபோதும் அந்தக் கம்பியோடு முடிவதில்லை. கம்பி வந்தால் உயரம் குறைந்த ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றும்போது ரப்பர் புஷ்கள் நைந்திருப்பது தெரியும், பாலியூரித்தேனில் போடுவார். அது கிறீச்சிடும். அடுத்து ஷாக் அப்சார்பர். எம்ஜிபியில் இருப்பது எண்ணெய் நிரம்பிய உலோகப் பெட்டியும் கையும் கொண்ட பழைய வகை. முன்பக்கத்தில் அந்தக் கைதான் சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் இணைப்பும்கூட. இவர் புதிய குழாய் வகை ஷாக் அப்சார்பர் பொருத்துவார். ஆனால் பழையதைத் தூக்கிப் போட முடியாது. எடுத்தால் சக்கரம் நிற்காது. அதிகாரம் பறிபோன பிறகும் நாற்காலியை விடாத பெரிய மனிதர்போல அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் போல்ட்டுகள் வேறு கதை. பனிக்காலத்தில் சாலையில் தூவிய உப்பு பல வருடமாகத் தின்று, போல்ட்டும் புஷ்ஷும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். எண்ணெய் விடுவார், டீ குடிப்பார், தட்டுவார், டீ குடிப்பார், கடைசியில் ரம்பத்தை எடுப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கிண்டல் செய்யமாட்டேன். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது எகிறினால் ஆளை முடித்துவிடும். அதைக் கழற்றும் நாளில் அவர் ஜாக்கியை மட்டும் நம்பமாட்டார். காரைத் தாங்குகட்டையில் நிறுத்துவார், அரட்டையை நிறுத்திவிடுவார்.

செய்த மாற்றங்களை எல்லாம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு ஒன்றுவிடாமல் எழுதித் தெரிவிப்பார். வீட்டம்மாவிடம் அந்த நேர்மை கிடையாது. அந்த அம்மாள் தூக்கிப் பார்த்தே பார்சலில் ஸ்பிரிங்கா புஷ்ஷா என்று சொல்லிவிடுவார். அரசாங்கம் கேள்வியே கேட்பதில்லை. நாற்பது வயது தாண்டிய காரைப் பெரிதாக உருமாற்றாதவரை, பிரிட்டனில் அதற்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை.

எல்லாம் முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். எதிரே குதிரையில் ஒரு பெண் வந்தாள். கார் ஓரமாக ஒதுங்கி நின்றது.

“பார்த்தீர்களா? துளி சாயவில்லை!” என்றார்.

“நின்றுகொண்டிருக்கிறோம்.”

“ஒதுங்கும்போது பார்க்கவில்லையா?”

நான் பார்க்கவில்லை. சாலையிலிருந்த ஒவ்வொரு குழியும் முதுகெலும்பு வழியாக வந்து பேசிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாய்வு குறைந்ததால் மட்டும் வெளிச்சக்கரத்தின் மேல் விழும் பாரம் குறைந்துவிடாது. காரின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களின் இடைவெளி என்ன, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பவைதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் அளவுக்கு மீறி விறைப்பாக்கினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். அதற்குப் பின்பக்கம் ஒரு பார் போடலாம் என்று அடுத்த குளிர்காலத்துக்கு வேலை குறித்து வைத்திருக்கிறார். பிடிப்பு கடைசியில் டயரில்தான். அவருடைய டயர்களுக்கு வயது பதினைந்து இருக்கும். ரப்பர் மரக்கட்டையாக இறுகிவிட்டது. “பள்ளம் பள்ளமாகத் தடம் அப்படியே இருக்கிறதே, யாராவது மாற்றுவார்களா?” என்கிறார்.

எம்ஜிபி வாங்கும் ஆசை இருந்தால் இவரைப் போன்ற ஒருவரிடம் வாங்குங்கள். துரு எங்கே, போல்ட் எந்த அளவு என்று எல்லாம் சொல்வார். ரசீதுகள் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கும். போட்ட பணத்தில் பாதிதான் கேட்பார். காரை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்னால் நான்கு டயரையும் மாற்றிவிடுங்கள்.