மொய் நோட்டுல உன் பேரு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மெட்ராஸ்ல கணக்குப் படிச்சிட்டு வந்து, "மொய்யில போடுற காச பேங்குல போட்டா வட்டியாவது வரும் தாத்தா"ங்கிறியாமே. வரும்தான். ஆனா பேங்க்காரன் கறிச்சோறு போடுவானா?

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடி பொறந்தா ஆட்டுக்குத்தான் கெட்ட காலம். பத்திருபது பேரு கூட்டுச் சேந்து மொய் விருந்து, ஒரே பந்தல், ஒரே அண்டா. தின்னுட்டு எந்திரிச்சவன் மொய் எழுதாம வாசல் தாண்ட மாட்டான். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கத்தான் ஒருத்தனுக்கு முறை.

நான் யாருக்கு 500 எழுதுனேனோ அவன் எனக்கு 500 மட்டும் திருப்புனா, 'நம்ம கணக்கு முடிஞ்சுச்சு'ன்னு அர்த்தம். 1,000 எழுதுனா பாதி பழசு, மீதி புது நடை. வண்டி இன்னும் ஓடும். பத்திரம் இல்ல, ஜாமீன் இல்ல. ஏமாத்துனவன கோர்ட்டுக்கா இழுக்குறோம்? டீக்கடையில அவன் பேரச் சொல்லி லேசா இருமுவோம். அம்புட்டுத்தான், அவன் வீட்டுல பொண்ணெடுக்க ஒருத்தனும் வரமாட்டான். இந்த மொய்க் காசுலதான் போர் போட்டோம், புள்ளைகளக் கட்டிக் குடுத்தோம். 2018-ல கஜா புயல் வந்து தென்னையச் சாச்சப்புறம் பந்தல்ல எலைக்குக் கொறவில்ல, மொய்ப் பைதான் எளைச்சுப்போச்சு.

இப்ப என் சாமர்த்தியத்தக் கேளு. பங்காளிக்கு வட்டியில்லாம பத்தாயிரம் எழுதுவேன். அசலூர்க்காரன் அதையே கேட்டா நூத்துக்கு அஞ்சு வட்டி, மொத மாசத்த முன்னாடியே புடிச்சுக்குவேன். பந்தக்கால் குழி தோண்டுன காலனித் தெரு ஆளுகிட்ட கூலியில அம்பது ரூவா கொறைக்க அரை மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனேன். அறுபது வருசமா ஒரே ஊருதான். என் நோட்டுல எந்தப் பக்கத்துலயும் அவன் பேரில்ல. நான் பத்திரிகையும் வச்சதில்ல, அவன் பணத்துக்கு நாணயம் இருக்கான்னு சோதிச்சுப் பாத்ததுமில்ல.

சிரிக்காதடா. உன் கம்பெனியில ஆள் வேணும்னப்ப நீ யாரச் சேத்துவிட்ட? நம்ம மேலத்தெருப் பயலத்தான! கேட்டா 'ரெஃபரல்'ங்கிற. நாங்க பங்காளின்னோம், நீ இங்கிலீசுல சொல்ற.

சரி, வர்ற வியாழன் என் பந்தல். உங்கப்பன் முறைக்கு நான் 5,000 எழுதுனது நோட்டுல பத்திரமா இருக்கு. கறி ஒத்துக்காதுன்னா சாப்பிடாட்டியும் பரவால்ல, வந்து எழுதிட்டு மட்டும் போ. புது நடை எவ்வளவுங்கிறது, நீதான் படிச்சவனாச்சே.